தீபாவளி வீட்டில் கைக்குழந்தை

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது குழந்தைக்குச் சட்டை, கொலுசு எல்லாம் ஞாபகமாக எடுத்துவைக்கிறோம். அங்கே எந்த அறையில் படுக்கவைப்பது என்பதை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். எல்லாரும் வந்து இறங்கியபிறகு கேட்டால் தெருப்பக்கத்து அறைதான் மிஞ்சும். நாலு நாள் முன்பே போன் போட்டு, கொல்லைப்பக்கத்து அறையைச் சொல்லிவைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவுக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. விடிகாலை நாலரைக்கே முதல் வெடி கேட்கும். விதிக்கு உட்பட்ட ஒற்றை வெடியே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை போகலாம். காதில் பஞ்சு வைப்பது பெரிதாக உதவாது, துணுக்கு உள்ளே சிக்கிக்கொள்வதுதான் மிச்சம். சுவரும் தூரமும்தான் காப்பு.

சத்தத்தைவிடப் புகை மோசம். சத்தம் ஓய்ந்தபிறகும் அது தெருவில் தங்கி நிற்கும், மழை மூட்டமாக இருந்தால் இன்னும் அதிக நேரம். மாலை ஆறரைக்கே ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். எட்டு மணி அடித்ததும் திறக்காதீர்கள். வெளியே போய் மூக்கால் பார்த்துவிட்டுத் திறக்கலாம். ஸ்ப்ளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிவிடுவது, அதனால் ஓடட்டும். சாத்திய அறைக்குள் கொசுவத்தியோ சாம்பிராணியோ கூடவே கூடாது. கொசுவுக்குக் குடைவலை போதும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். மத்தாப்பு பிடித்த கையோடு பெரியப்பா நேராகத் தொட்டிலுக்கு வருவார். சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்சட்டையை மாற்றிக்கொண்டு வரட்டும்.

விடிகாலை எண்ணெய்க் குளியல் பெரியவர்களுக்கு. குழந்தைக்குப் பத்து மணிக்கு, வெயில் வந்தபிறகு, பால் குடித்து அரை மணி நேரம் கழித்து. தொப்புள்கொடி விழாத குழந்தையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் தாராளம். மூக்கில், காதில், தொப்புளில் விடவேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். எண்ணெய்ப் பிள்ளை வழுக்கும், தூக்குபவர் கையில் துண்டு இருக்கட்டும். சீயக்காய் வேண்டாம், கண் எரியும். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்க்கவேண்டும்; வெந்நீர் ஊற்றியே பழகிய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

புதுச்சட்டையை முன்பே ஒருமுறை அலசிக் காயவைத்துவிடுங்கள், கஞ்சி போகும். ஜரிகை கழுத்தில் உரசினால் ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும். போட்டோ எடுத்ததும் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடலாம். ஊக்கு வேண்டாம்.

தீபாவளி லேகியம் அம்மா சாப்பிடட்டும். “நாக்குல ஒரு துளி தடவு” என்று பாட்டி சொல்லும்போதுதான் உஷாராக வேண்டும்: அதில் தேன் இருக்கும். ஒரு வயதுக்குள் தேனில் பொட்டுலிசம் என்ற கிருமி நச்சு நோய் ஆபத்து உண்டு, ஒரு துளியும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம்.

பண்டிகை வீட்டில் சத்தமில்லாமல் தவறுவது பால் நேரம். குழந்தை பத்து மடி மாறும். கையைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும். வைத்திருப்பவருக்கு அது விளையாட்டாகத் தெரியும். அழும்போது பசி முற்றியிருக்கும், சரியாகக் கவ்வாது. கடைசியாகக் குடித்த நேரத்தைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். இரண்டரை மணி நேரம் ஆனதும் யார் மடியில் இருந்தாலும் அம்மாவிடம் வரவேண்டும். ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

சளிப் பிடித்தவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். கக்குவான் இருமலுக்கான முதல் ஊசியே ஆறாவது வாரத்தில்தான். முத்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்குப் பாதத்தைக் காட்டுங்கள். கை வாய்க்குப் போகும்.

கிளம்பும் முன் பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காட்டினால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. தீபாவளியன்று கிளினிக் பூட்டியிருக்கும். அந்த ஊரில் இரவு எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் இருப்பார் என்று முந்தின நாளே விசாரித்து, அதையும் அந்தக் காலண்டரிலேயே எழுதிவையுங்கள்.