கோப்பில் இல்லாத தாள்

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்டரிலும் கல்விக் கடன் மேசையிலும் ஒரே ஆட்கள்தான் நிற்பார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்த பையனுக்கு ஒரு வாரத்தில் காலேஜில் பணம் கட்டியாக வேண்டும். கல்விக் கடன் சாங்ஷன் ஆக ஒரு மாதம் பிடிக்கும். நடுவில் இருக்கிற மூன்று வாரத்துக்கு அம்மாவின் சங்கிலி எங்கள் லாக்கருக்கு வந்துவிடும்.

2009-இல் நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மில் ஊரில் கடன் பிரிவு அதிகாரி. அந்த வருடம் வந்தவர்களில் ஒருவர் நூல் மில் தொழிலாளி. மகனுக்கு மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். பதினேழு பதினெட்டு இடம் இருக்கும். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டு, "சார், இதப் படிச்சா வேலை கெடைச்சிரும்ல?" என்றார். ஸ்டாம்ப் பேடைத் தேடிக்கொண்டே, "அதெல்லாம் கெடைக்கும்ணே" என்றேன்.

கடன் தொகை நாலு லட்சம். அந்த நாட்களில் எல்லாருக்கும் நாலு லட்சம்தான். நாலு லட்சம் வரை அடமானம் வேண்டாம், கடன் வாங்குகிறவர் தன் பங்காகப் போட வேண்டிய மார்ஜின் பணமும் வேண்டாம் என்பது விதி. காலேஜ் தருகிற கட்டண விவரமும் பேசி வைத்த மாதிரி நாலு வருடத்துக்கு நாலு லட்சத்தை ஒட்டியே வரும். கவுன்சிலிங் இடத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் அப்போது வருடத்துக்கு 32,500 ரூபாய். மீதியெல்லாம் ஹாஸ்டல், மெஸ், புத்தகம், அப்புறம் "இதர கட்டணங்கள்". அந்த இதரவுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு காலேஜையும் கேட்டதில்லை. (2017-இல் அந்த 32,500 ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. இதர எவ்வளவு ஆனது என்பதற்குக் கணக்கே கிடையாது.)

பிறகு எனக்கு இடமாற்றம், பதவி உயர்வு, மறுபடி இடமாற்றம். 2019-இல் அதே கிளைக்கு மேனேஜராகத் திரும்பினேன். வந்த முதல் வாரமே வாராக் கடன் பட்டியலைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன். பெயர்களைப் பார்க்கப் பார்க்கக் கையெழுத்து வாங்கிய முகங்கள் நினைவுக்கு வந்தன.

அந்த மில் தொழிலாளியின் கணக்கும் இருந்தது. ஆனால் மற்றதைப் போல ஒரேயடியாக நின்றுபோன கணக்கல்ல. மாதத்தில் இரண்டு தடவை, 700, 650, 800 என்று பணம் விழுந்துகொண்டே இருந்தது. கேஷியரிடம் கேட்டேன். "பால் சொசைட்டியில பட்டுவாடா ஆனதும் அந்த அம்மா வந்துரும் சார்" என்றார்.

அடுத்த பட்டுவாடா நாளில் அவர் வந்தபோது கேபினுக்குக் கூப்பிட்டேன். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் லேமினேட் செய்த பி.இ. பட்டச் சான்றிதழ். அதன் பின்னால் நாங்கள் சீல் வைத்துக் கொடுத்த ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு, தேதி வரிசையில். "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும்னு வச்சிருக்கேன் சார்." வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு, மில்லை விட்டு நின்றுவிட்டார். பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து 8,500 சம்பளத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறான். அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சமில்லை. திரும்பி வந்து பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறான்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு லட்சமாக நாலு தடவை கொடுத்த கடன், 12 சதவீத வட்டி. படிக்கிற நாலு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நாலு, அப்புறம் மூன்று, இரண்டு. மொத்தம் 1,68,000. ஆக 2014-இல் கட்டத் தொடங்கும்போதே கடன் 5,68,000 ஆகிவிட்டது. ஏழு வருடத்தில் அடைக்க மாதத் தவணை பத்தாயிரம். 8,500 சம்பளக்காரன் பத்தாயிரம் தவணை கட்ட வேண்டும். 2009-இல் இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை, நானும் போடவில்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இந்தக் குடும்பம் நாலரை லட்சத்தைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. பிறகு ஏன் மானியம் வரவில்லை? பழைய கோப்பை எடுத்துத் தாள் தாளாகப் புரட்டினேன். தாசில்தார் தரும் வருமானச் சான்று இல்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டிய அதிகாரி நான்தான். கோப்பின் கடைசிப் பக்கத்தில் என் இனிஷியல் இருக்கிறது. மானியம் வந்திருந்தால் தவணை ஏழாயிரமாக இருந்திருக்கும். பழைய வருடங்களுக்கு இனி விண்ணப்பிக்க வழியில்லை என்று வட்டார அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுவதுண்டு. "நீங்க கடன் குடுக்கலேன்னா படிச்சிருக்கவே மாட்டான்ல சார்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கொடுத்த காசுக்கு டிகிரி தகுமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பையன் சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வரும். மில்லில் அவனோடு ஒரே ஷிப்டில் ஒரு ஐ.டி.ஐ. ஃபிட்டர் இருக்கிறாராம். அரசு ஐ.டி.ஐ.யில் படித்தவர், கடன் என்று ஒரு ரூபாய் கிடையாது. பதினெட்டு வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டதால் சம்பளம் இவனைவிட அதிகம். பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். "மெஷினப் பத்தி நான் கத்துக்கிட்டது காலேஜ்ல இல்ல சார், அவர்கிட்டதான்" என்றான். ஆனால் சூப்பர்வைசர் வேலைக்கு நோட்டீஸ் ஒட்டியபோது டிப்ளமோ அல்லது பி.இ. என்று போட்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் விண்ணப்பிக்கவே முடியவில்லை. கற்றுக்கொண்டவன் சூப்பர்வைசர்.

எங்கள் வங்கியிலேயே இதுதான் கதை. நான் சேர்ந்தபோது எனக்குக் கேஷ் கற்றுக்கொடுத்த ஹெட் கேஷியர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்தவர். கள்ள நோட்டை விரல் நுனியிலேயே பிடித்துவிடுவார். இன்று நோட்டை மெஷின் எண்ணுகிறது, கள்ள நோட்டையும் அதுவே தள்ளுகிறது. கிளர்க் தேர்வு எழுத மட்டும் டிகிரி கட்டாயம். பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அதில் எத்தனையோ பேர் இன்ஜினியர்கள். வேலை அதே வேலைதான். உள்ளே விடுவதற்குக் கேட்கிற சீட்டின் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது. சீட்டு வாங்கியவனுக்கு லாபமா என்று கேட்டால் பல சமயம் இல்லை. வாங்காதவனுக்கு நஷ்டம் என்பது நிச்சயம். என்னிடம் வந்த அப்பாக்கள் யாருக்கும் இது தெரியாமல் இல்லை. மெக்கானிக்கல் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் இது தெரியும்.

சூப்பர்வைசர் ஆனதும் பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய தொகையாகக் கட்ட ஆரம்பித்தான். சமரசத் தீர்வில் வட்டியில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். என் பாவத்துக்கு அதுவாவது பரிகாரமாகட்டும் என்ற எண்ணம்தான். அவன் யோசித்துவிட்டு வந்து, "சிபில்ல 'செட்டில்டு'னு வரும்ல சார், வேணாம். அப்பா பேருலயும் வரும். முழுசா முடிச்சிடுறேன்" என்றான். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற சிபிலில் 'செட்டில்டு' என்றால் முழுசாகக் கட்டாதவன் என்று அர்த்தம். 2022-இல் முடித்தான்.

நிலுவை இல்லை என்ற சான்று வாங்க வந்த அன்று தங்கையையும் கூட்டி வந்திருந்தான். பன்னிரண்டு வயது இளையவள், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை உண்டா என்று பார்த்தோம். அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டதால் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கட்டணமே கிடையாது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதுவும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப லோன்தான்" என்றான்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தவணைக் கணக்கை அவள் பக்கம் திருப்பி வைத்து எழுதினேன், மானியம் வந்தால் எவ்வளவு, வராவிட்டால் எவ்வளவு என்று. காலேஜுக்கு நாக் தர அங்கீகாரமோ, அவள் படிப்புக்கு என்.பி.ஏ. தர அங்கீகாரமோ இருக்கிறதா என்றும் கேட்டேன். 2018-லிருந்து இந்த மாதிரிக் காலேஜ்களில் இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் மானியம் கிடையாது. அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஈ.சி.இ.க்கு இருக்கு சார், எங்க டிபார்ட்மென்டுக்கு... இருங்க, இருக்கு" என்றாள்.

அண்ணன் பைக்குள்ளிருந்து கவரை எடுத்தான். அம்மா வைத்திருந்த அதே கவர். வருமானச் சான்று, அசல் ஒன்று, நகல் மூன்று. தேதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டுக் கோப்பில் முதல் தாளாக வைத்தேன்.