அகலம் கடைக்காரர் கணக்கு, நீளம் நம் கணக்கு

பார்சல் கட்டுவது என் பிழைப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் அதைச் சுற்றியும் உள்ள பழம்பொருள் கடைகளில் விலைபோகும் சாமான்களை வெளியூர் போய்ச் சேரும்படி கட்டிக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் பெரிய தொல்லை உடைசல்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை அளவு. செட்டிநாட்டு வீட்டிலிருந்து வெளியே வரும் ஒரு பொருள் இன்னொரு பொருளின் அளவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. முதலில் ஒரு எனாமல் தூக்குச்சட்டி வரும். அடுத்தது பித்தளை ஊஞ்சல் சங்கிலி. அதற்குப் பின்னால் பர்மாத் தேக்கில் கடைந்த மாடிப்படிக் கைப்பிடி, நீளமாக, ஒரு பக்கம் மட்டும் பருத்து. கடையில் தொங்கும் ஆயத்தப் பைகளோ 10-க்கு 12, 12-க்கு 18 என்று தங்கள் பிடிவாதத்திலேயே நிற்கின்றன. கைப்பிடியை நுழைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூக்குச்சட்டியைப் போட்டால் பைக்குள் உருண்டு விளையாடும்.

எனக்கு விடிவு தந்தது பாலித்தீன் டியூப் ரோல். இரண்டு முனையும் திறந்த குழாயைத் தட்டையாக அழுத்திச் சுருட்டி வைத்திருப்பார்கள். அகலம் மட்டும் ரோலில் நிலையானது: 4 அங்குலம், 8, 12, 14, 20 என்று கிடைக்கும். நீளம் நம் கத்தரிக்கோலின் விருப்பம். வேண்டிய அளவு இழுத்து, வெட்டி, ஒரு வாயை ஒட்டினால் பை. பொருளை உள்ளே விட்டு மறு வாயையும் ஒட்டினால் உறை.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்பது செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் புரியும். உருக்கிய பாலித்தீனை வளைய வடிவ அச்சு வழியாக மேலே தள்ளிக்கொண்டே நடுவில் காற்றை ஊதுவார்கள். அது பெரிய குமிழியாக எழும்பி, மேலே போகப் போகக் குளிர்ந்து இறுகும். உச்சியில் இரண்டு உருளைகள் அதை நசுக்கித் தட்டையாக்கும், அப்படியே சுருட்டிவிடுவார்கள். ஆகவே பக்கவாட்டில் ஒட்டே கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டிய பையில் கனத்த பித்தளையைப் போட்டால் முதலில் வாய்விடுவது அந்தப் பக்கத்து ஒட்டுதான். டியூபில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாம் போடும் இரண்டு ஒட்டுகளை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

அகலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். 8 அங்குலப் பொருள்தானே என்று 8 அங்குல ரோலை வாங்கி வந்து, பொருள் உள்ளே போகாமல் விழிப்பார்கள். ரோலில் சொல்லும் அகலம் தட்டையாகக் கிடக்கும்போது உள்ள அகலம். பொருளைச் சுற்றி வரும் சுற்றளவில் அது பாதி. பெட்டி வடிவப் பொருளானால் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதன்மேல் ஓரிரு அங்குலம் விட்டால் ரோலின் அகலம் வந்துவிடும். 8 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் உள்ள, தூணின் தலையில் உட்காரும் ஒரு தேக்குப் போதிகைக்கு 13. பஞ்சும் துணியும் சுற்ற இடம் விட்டு 15. உருண்டைப் பொருளுக்குக் குறுக்களவின் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கணக்கு வராது என்பவர்களுக்குச் சணல் இருக்கிறது: பொருளின் பருத்த இடத்தில் சணலைச் சுற்றி எடுத்து, இரண்டாக மடித்து, ரோலின் மேல் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. நீளத்துக்கு, பொருளின் நீளத்தோடு அதன் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்; இரு முனையிலும் உறை மடிந்து இறங்க அது தேவை. அதற்கு மேல் ஒட்டுவதற்கு முனைக்கு 2 அங்குலம். 30 அங்குலப் போதிகையானால் 39-இல் வெட்டுவேன்.

உறை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நல்லதில்லை. தொளதொளப்பான உறைக்குள் பொருள் லாரியின் ஆட்டத்துக்கெல்லாம் ஆடும். பிளாஸ்டிக்கே உரசி உரசிப் பழைய வார்னிஷை மழுங்கடித்துவிடும்.

இனி வாங்கும் இடம். டியூபைக் கிலோ கணக்கில்தான் நிறுப்பார்கள், கனத்தைக் கேஜ் கணக்கில்தான் சொல்வார்கள். 100 கேஜ் என்பது 25 மைக்ரான். பித்தளைக்கும் மரத்துக்கும் நான் எடுப்பது 400 கேஜ், அதாவது 100 மைக்ரான். சேலைக்கு அதில் பாதி தாராளம். கடைக்காரர் 400 என்று சொன்னால் அது 400-தானா? அதை அறிய மைக்ரோமீட்டர் வேண்டியதில்லை. 12 அங்குல டியூபில் ஒரு மீட்டர் வெட்டித் தராசில் போட்டால் 56 கிராம் அளவில் நிற்க வேண்டும். கிலோவுக்குப் பதினேழு பதினெட்டு மீட்டர் வர வேண்டும். 45 கிராம் காட்டினால் கேஜில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நடுவில் இருக்கும் அட்டைக் குழலையும் பிளாஸ்டிக் விலைக்கே நிறுப்பார்கள், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் வியாபாரம் செய்துகொண்டு குழல் எடையைக் கழிக்காமல் வாங்குவது ஊருக்கே அவமானம்.

ஒட்டும் இயந்திரம் மிக எளியது. மூடியை அழுத்தும்போது மட்டும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடாகும். கம்பிக்கு மேல் டெஃப்லான் துணி. சிவப்பு விளக்கு எரிந்து அணையும். அணைந்ததும் கையை எடுத்துவிடக் கூடாது; ஓரிரு நொடி அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உருகிய ஒட்டு இறுகுவது அந்த நேரத்தில்தான். அவசரக்காரர்களின் ஒட்டு மிட்டாய்ப் பாகாக இழுபட்டு மெலிந்துவிடும். சூடு அதிகமானால் ஒட்டின் ஓரமே அறுந்து வரும், குறைந்தால் நகத்தால் நெம்பியதும் பிரியும். சரியான ஒட்டு, ஒளியில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக் கோடாகத் தெரியும். ஒட்டும் இடத்தில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் எந்தச் சூடும் உதவாது. கனத்த சாமானுக்கு அரை அங்குலம் தள்ளி இரண்டாவது கோடு போடுவேன்.

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எதிர்வீட்டு ஆச்சியைக் கைகாட்டுவேன். சீப்புச் சீடையும் மணகோலமும் செய்து விற்கிறார்கள். பையின் வாயை ரம்பத் தகட்டின் மேல் மடித்து, நீட்டியிருக்கும் விளிம்பை மெழுகுவத்திச் சுடரில் ஓட்டி எடுப்பார்கள். ஒரே சீரான உருண்டை விளிம்பாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கவருக்கு அது போதும். 400 கேஜை அப்படிச் செய்தால் கரிதான் மிஞ்சும். ஆச்சிக்கு என் ரோலின் மேல் ஒரு கண் உண்டு. சீடையை இதில் போட்டு ஒட்டினால் இரண்டு மாதம் தாங்குமா என்று கேட்டார்கள். நமுக்காது ஆச்சி, ஆனால் காறிவிடும் என்றேன். பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. மொறுமொறுப்பு நிற்கும், எண்ணெய் வாடை தட்டும். அதிலும் நான் சாமான் கட்ட வாங்குவது தின்பண்டத்துக்கான தரமும் இல்லை.

டியூப் தன் முழு வித்தையையும் காட்டுவது குத்துவிளக்கில். பெரிய விளக்கை யாரும் முழுதாக அனுப்புவதில்லை. திருகு கழற்றினால் பாதம், தண்டுகள், தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வந்துவிடும். தனித்தனிப் பையில் போட்டால் போய்ச் சேருமிடத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகும், அன்னத்தைக் காணோம் என்று தொலைபேசி வரும். அதனால் 14 அங்குல டியூபில் ஒரே நீளமாக வெட்டிக்கொள்கிறேன். அடிவாயை ஒட்டி, துணி சுற்றிய பாதத்தை இறக்கி, அதற்கு மேலே குறுக்கே ஓர் ஒட்டு. அடுத்து ஒரு தண்டு, மறுபடியும் ஓர் ஒட்டு. தட்டு, ஒட்டு. கடைசியில் அன்னம், அலகுக்குத் தனியாகப் பஞ்சு வைத்து. அறை அறையாகத் தொடர்ந்திருக்கும் அந்த நீளத்தை ஒட்டுகளில் மடித்தால் பெட்டிக்குள் அடுக்காக உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றோடொன்று முட்டாது, ஒன்றை விட்டு ஒன்று போகவும் போகாது. பாதத்தின் அடியில் வெட்டியிருக்கும், எந்த வீட்டுப் பொருள் என்று காட்டும் விலாச எழுத்துகளும் உறை வழியே தெரியும். வாங்குகிறவர் பிரிக்காமலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் உறை வெளி ஈரத்தைத் தடுப்பதுபோலவே உள்ளிருக்கும் ஈரத்தையும் விடாது. புளி போட்டுத் தேய்த்த பித்தளையைத் துடைத்த கையோடு ஒட்டினால், போய்ச் சேரும்போது திருகு இடுக்கிலெல்லாம் பச்சை பூத்திருக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே ஒட்ட வேண்டும். துருவையும் அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். கேட்க ஆள் இருப்பதால் சொல்கிறேன். மரத்துக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். தார்ப்பாய் போட்ட லாரி பகலில் கொதிக்கும், இரவில் மலைப்பாதையில் குளிரும். மரத்திலிருந்து வெளிவந்த ஈரம் உறையின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கட்டி, மரத்தின் மேலேயே வடியும். ஆகவே மரச் சாமானின் உறையை முழுக்க அடைக்காமல் கீழ்ப்புறம் சில ஊசித் துளைகள் விடுகிறேன். பாலிஷ் போட்ட பொருளின் மேல் பிளாஸ்டிக் நேராகப் படவே கூடாது. முதல் சுற்று பழைய மல் வேட்டி. அதைவிட நல்ல துணியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதற்குப் பிறகு, மஞ்சப்பைக் காலத்தில் இவ்வளவு பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிக்கிறவர்கள் வருகிறார்கள். சுளிக்கட்டும், நியாயம்தான். பிளாஸ்டிக் வேண்டாத இடத்தில் நானும் போடுவதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு வைக்கோலும் காகிதமும் போதும். தண்ணீரில் பதப்படுத்திய கல்லை ஈரம் முழுக்கப் போகுமுன் பிளாஸ்டிக்கில் அடைத்தால் வெள்ளை பூத்து, கண்ணாடியில் வார்த்த அந்தப் பளபளப்பே கெட்டுவிடும். டியூப் போடும் இடத்தில் நீளத்தைக் கொஞ்சம் கூட்டியே வெட்டுகிறேன். வாங்கியவர் ஒட்டின் ஓரமாக நேராகக் கத்தரித்தால் ஓர் அங்குலம்தான் குறையும். மிச்சத்தை மறுபடியும் ஒட்டலாம். உள்ளூர்க் கடைகளுக்குள் கைமாறும் சாமான்களின் உறைகள் எனக்கே திரும்பி வருகின்றன, ஒவ்வொரு முறையும் சற்றுக் குட்டையாகி.

இப்போது பட்டறையில் கிடப்பது ஒரு வாசல் நிலையின் மேற்கட்டை. கஜலட்சுமி செதுக்கியது, 8 அடி நீளம், என்னிடமுள்ள எந்த ரோலிலும் அடங்காத அகலம். இப்படிப்பட்டதற்கு 20 அங்குல டியூபை ஒரு பக்கமாக நெடுக வெட்டி விரித்துவிடுவேன். 40 அங்குல விரிப்பு ஆகிவிடும். அப்படி இரண்டு விரிப்புகள், கீழே ஒன்று மேலே ஒன்று, நடுவில் வேட்டி சுற்றிய கட்டை. ஓரங்களை மட்டும் கையில் பிடித்து ஒட்டும் சின்ன இயந்திரத்தால் சாண் சாணாக நகர்த்தி ஒட்ட வேண்டும், ஒரு கோட்டின் நுனி அடுத்த கோட்டின் மேல் ஏறும்படி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். தம்பி சாப்பிட்டுவிட்டு வந்ததும் தொடங்குவோம்.