வறண்ட ஓடை

"ஓடை: வறண்டது. நீர்வாழ் உயிரினங்கள்: இல்லை."

ஒரு சுரங்கத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இன்று இந்த வரியைக் கடக்க முடியாமல் வெகுநேரம் நின்றுவிட்டேன். மாதிரி எடுத்த நாள் கோடையின் உச்சம்.

மழைக்காலத்தில் அதே ஓடையில் மீன்கள் மேலேறி முட்டையிடக்கூடும், தவளைகள் திரும்பக்கூடும், நிலத்தடி நீரும் ஊறக்கூடும். ஒரே பருவத்தின் அளவீடு இவற்றுள் எதையும் காட்டாது என்பதால்தான், திட்டத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவுகளை எல்லாப் பருவங்களிலும் திரட்டுமாறு, இத்தகைய அறிக்கைகளைப் பரிசீலிக்கும் நாங்கள் மன்றாடுகிறோம்.

அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமும், சுற்றுச்சூழல், வளர்ச்சி குறித்த ஐ.நா. மாநாட்டின் 1992ஆம் ஆண்டு ரியோ பிரகடனத்தின் 17ஆம் கோட்பாடும் வலியுறுத்துவது, திட்டம் தொடங்குமுன் அதன் தாக்கத்தை மதிப்பிடுவதையே. தோண்டத் தொடங்கிய பின், முன்பிருந்த ஓடையை எந்தக் கருவியாலும் அளக்க இயலாது.

மழைக்காலத்தில் மீண்டும் அளக்குமாறு எழுதி, அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.