தேயிலைக் கணக்கிலிருந்து ஆங்கில வகுப்புக்கு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலை அலுவலகத்தில் 11 ஆண்டுகள் கணக்கெழுதிய பிறகு, 34ஆவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு வியட்நாமுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். வெளிவாரிப் பட்டத்துக்கு ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருந்ததாலும், கொழும்புத் தேயிலைத் தரகர்களுக்கு அன்றாடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிவந்ததாலும், மொழி தெரிந்தவனுக்கு அதைக் கற்பிப்பது பெரிய காரியமில்லை என்று நம்பியிருந்தேன். ஆசிரியப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது.

நான் தேர்ந்தெடுத்தது ஆங்கிலம் கற்பிப்பதற்குக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா என்னும் சான்றிதழ். குறைந்தது 120 மணித்தியாலப் பயிற்சியான அதில், உண்மையான மாணவர்களுக்கு முன்னால், பயிற்றுநர் பார்த்திருக்க, இரண்டு வெவ்வேறு மொழித்திறன் மட்டங்களில் மொத்தம் 6 மணித்தியாலம் பாடம் நடத்த வேண்டும். அத்துடன் நான்கு எழுத்து ஒப்படைகளும் உண்டு. இதை முழுவதும் இணையவழியிலேயே செய்ய முடியும் என்பதால்தான் மலையகத்தில் இருந்துகொண்டே நான் படிக்க முடிந்தது. எங்கள் லயன் குடியிருப்பில் இணையத் தொடர்பு நிலைத்து நிற்காததால், ஹட்டனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வார இறுதிகளில் அங்கிருந்து வகுப்பில் சேர்ந்தேன்.

என் முதல் பாடம், 'ஐ லிவ்ட்' என்பதற்கும் 'ஐ ஹாவ் லிவ்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. நாற்பது நிமிடமும் இலக்கண விதிகளை நானே விளக்கிக்கொண்டிருந்தேன், மாணவர்கள் தலையாட்டினார்கள். பாடம் முடிந்ததும் பயிற்றுநர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: அவர்களுக்கு விளங்கியது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த பாடத்தில், 'பத்து வருடமாக ஹட்டனில் வசிக்கிறேன்' என்ற பொருள் வரும் ஆங்கில வாக்கியத்தைப் பலகையில் எழுதி, 'இவர் இப்போதும் ஹட்டனில்தான் இருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். பாதிப்பேர் ஆம் என்றார்கள், மீதிப்பேர் இல்லை என்றார்கள். எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோட்டப் பாடசாலையில் இதே இடத்தில் நானும் தடுமாறியவன் என்பதால், அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை.

வேலை தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டுத்தான். தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்குரிய ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. இதை அறியாமல் அந்நாட்டுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதங்களை வீணாக்கினேன். வியட்நாமில் என்னை ஏற்றுக்கொண்ட நிறுவனம் பட்டச் சான்றிதழ், கற்பித்தல் சான்றிதழ், ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு, பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவற்றைக் கேட்டது.

எங்கள் மக்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும் இருப்பது சாதாரணம். என்னுடையதில் அப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, பட்டத்தை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு கொழும்பிலுள்ள வியட்நாம் தூதரகத்தில் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. ஒருமுறை, ஒரேயோர் எழுத்துக்காகக் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டேன். இரவு ரயிலில் ஹட்டன் வந்து இறங்கியபோது அப்பா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார். "என் பேரால உனக்கு இவ்வளவு கஷ்டமா தம்பி?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே பெயரைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள் என்று என்னிடம் கேட்கும் தம்பி, தங்கைகளுக்கெல்லாம் சொல்லிவருகிறேன். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதையும் விட்டுவிடக் கூடாது.

ஹைபோங் துறைமுக நகரில், வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் எடுக்கிறேன். வியட்நாமிய மொழியில் சொல்லின் இறுதியில் 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் வருவதில்லை. ஆகவே 'நைஸ்', 'நைஃப்' இரண்டும் அவர்கள் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நாமோ 'பஸ்ஸு' என்று கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்க்கிறோம். அந்த உகரத்தைக் கைவிட நான் பழகிய முறையையே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்: உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, சொல் முடிந்த பிறகும் காற்று கையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகும் கையை வாயருகே வைத்து 'நைஸ், நைஸ்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.