ஆண்டின் நடுவே நாடு மாறுவோரின் வருமான வரி

வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடிபெயரும் நண்பர்கள் விசாவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறார்கள். வருமான வரியைப் பற்றி மட்டும் போய்ச் சேர்ந்த பிறகே கேட்கிறார்கள். புறப்படும் தேதியே வரியைக் கூட்டவும் குறைக்கவும் கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை விசாரித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான நாடுகள் குடியுரிமையைப் பார்த்து வரி விதிப்பதில்லை (அமெரிக்கா இதற்கு முக்கியமான விதிவிலக்கு). அந்த ஆண்டில் ஒருவர் அங்கே வசிப்பவராகக் கருதப்படுகிறாரா என்றே பார்க்கின்றன. 183 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் வரியே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. வீடும் குடும்பமும் எங்கே இருக்கின்றன என்பதையும் பல நாடுகள் கணக்கில் எடுக்கின்றன. வசிப்பவராகக் கருதப்படாதவரும்கூட, அந்த மண்ணில் செய்த வேலைக்கான சம்பளத்துக்குப் பொதுவாக வரி கட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிரிட்டன் அனுமதிக்கிறது. இந்தியச் சட்டத்திலோ முழு நிதியாண்டுக்கும் ஒரே நிலைதான். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், பொதுவாக அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் வெளிநாடுவாழ் இந்தியராகிவிடுகிறார். எனவே செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் கிளம்புபவருக்கும் அக்டோபரில் கிளம்புபவருக்கும் வரிக் கணக்கு அடியோடு வேறுபடலாம்.

நிதியாண்டுகள் ஒத்துப்போகாததுதான் பெரிய சிக்கல். இந்தியாவுக்கு ஏப்ரல் 1, பிரிட்டனுக்கு ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை 1, அமெரிக்காவுக்கு ஜனவரி 1. அக்டோபரில் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்றவர் அந்த ஆண்டு முழுவதற்கும் பொதுவாக இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவதால், அவருடைய அமெரிக்கச் சம்பளத்துக்கும் இங்கே வரி உண்டு. அந்த அடுத்த ஆறு மாதச் சம்பளம் இந்தியாவில் ஒரே நிதியாண்டுக்குள் அடங்குகிறது. அமெரிக்காவிலோ டிசம்பர் வரையிலான பகுதி ஓர் ஆண்டிலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பகுதி மறு ஆண்டிலும் விழுகிறது. அங்கே கட்டும் வரியை இங்கே கழித்துக்கொள்ள, ஒரே வருமானத்துக்கு இரு முறை வரி விழாமலிருக்க இரு நாடுகளும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இடம் தருகிறது என்றாலும், இந்தியக் கணக்கைத் தாக்கல் செய்யும் வேளையில் அந்த மூன்று மாதங்களுக்கான அமெரிக்க வரி இறுதியாகியிருக்காது. ஆகவே மாதவாரியான சம்பளச் சீட்டுகளையும் பிடித்தம் செய்த வரிக்கான சான்றுகளையும் இரு பக்கமும் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டு நாடுகளும் ஒருவரைத் தம்மிடம் வசிப்பவர் என்று சொன்னால், இத்தகைய ஒப்பந்தம் பொதுவாக ஒரு வரிசையில் தீர்வு காண்கிறது: நிரந்தர வீடு, வாழ்க்கைத் தொடர்புகளின் மையம், வழக்கமாக வசிக்கும் இடம், அதன் பிறகே குடியுரிமை.

பழைய நிறுவனத்திடமிருந்து பிறகு வரும் போனஸையும் மறந்துவிடக் கூடாது. அது எந்த நாட்டு வங்கிக் கணக்கில் விழுந்தாலும், எங்கே செய்த உழைப்புக்கானதோ அந்த நாடு அதன்மீது வரி கேட்கக்கூடும்.