பெயரை விட்டு சதவீதத்துக்கு மாறினேன்: நிலப்போர்வைத் தரவு, மூன்றாம் சுற்று

செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலப்போர்வை வரைபடம் (தரையை மரம், புல், மண் என எது மூடியிருக்கிறது என்று காட்டுவது) போடுவதற்காக நேரில் போய்த் தரவு எடுப்பதில் இது எனக்கு மூன்றாவது சுற்று. முதல் சுற்றில் 40 இடங்களுக்கும் இடத்துக்கொரு பெயர் வைத்துவிட்டு வந்தேன், புதர், புல்வெளி, மரம் என்று. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பல புள்ளிகள் பொருந்தவே இல்லை. அதில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம், அதனால் ஓரத்தில் நின்று எடுத்த புள்ளி பக்கத்துப் பிக்சலில் போய் விழுந்துவிடுகிறது. இப்போதெல்லாம் சுற்றிலும் 30 மீட்டராவது ஒரே மாதிரி இருக்கும் இடமாகப் பார்த்து அதன் நடுவில் நிற்கிறேன்.

ஆனால் 17ஆம் புள்ளி நடுவில்தான் இருந்தது. நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை பச்சைப் புல், படத்திலோ தாவரக் குறியீடு, அதாவது பச்சை எவ்வளவு என்று காட்டும் எண், மிகக் குறைவு. இந்த முறை ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு நேர் மேலிருந்து குனிந்து பார்த்தேன். புல் கொத்துக் கொத்தாக நிற்கிறது, இடையில் பாதிக்கு மேல் வெறும் செம்மண், அங்கங்கே காய்ந்த சருகு. பக்கவாட்டில் பார்க்கும் நம் கண்ணுக்கு அந்த மண் தெரிவதே இல்லை, செயற்கைக்கோளுக்கு அதுதான் முதலில் தெரிகிறது!

அதிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கணக்கு எழுதுகிறேன். மரம், புதர், தரைச்செடி என அடுக்குவாரியாக ஒன்று. ஒன்றன் மேல் ஒன்று கவிந்திருப்பதால் இது 100 சதவீதத்தைத் தாண்டலாம், தப்பில்லை. மேலிருந்து தெரிவது மட்டும் இன்னொன்று, இது சரியாக 100 வர வேண்டும். கூடவே மரத்தின் உயரமும். உலக உணவு வேளாண் அமைப்பின் வரையறைப்படி காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரம், 10 சதவீதத்துக்கு மேல் விதானம், அதாவது மரக்கிளைகளும் இலைகளும் மேலே மூடும் பரப்பு. வேறு வரைபடம் வேறு எல்லை வைக்கும். எண்களை எழுதி வைத்தால் வகையை அப்புறம் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம், 'காடு' என்று மட்டும் எழுதியதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

மண்ணுக்கு ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளி நாடா இழுத்துப் பார்க்கிறேன். 2.5 சென்டிமீட்டருக்குள் அறுந்தால் களி குறைவு, 5 தாண்டியும் நின்றால் நல்ல களிமண். நிறம் எழுதும்போது மண் ஈரமா காய்ந்ததா என்பதும் கட்டாயம், ஏனென்றால் நனைந்த மண் கருத்துத் தெரியும், படத்திலும் அப்படித்தான் விழும். தண்ணீர் தேங்கிய தடம், மேய்ச்சல், தீப்பட்ட அடையாளம், சரிவு, நாலு திசைக்கும் ஒவ்வொரு படம், காலடிக்கு நேர் கீழே ஒன்று. சரி, இதெல்லாம் சேர்த்து ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது, அதனால் இந்தச் சுற்றில் 22 இடம்தான் முடிந்தது.

17ஆம் புள்ளியில் சட்டத்தின் நாலு மூலைக்கும் முளை அடித்து வைத்திருக்கிறேன், மழைக்குப் பிறகு அதே சதுரத்தைத் திரும்ப எண்ண வேண்டும்.