ஆகமன நாட்களின் குறிப்பேடு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு, பாளையங்கோட்டை

கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் நாட்களான ஆகமனத்தின் முதல் ஞாயிறு. கடைத்தெருவில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிட்டன. கோவிலிலோ பீடத்து விரிப்பு ஊதா நிறத்துக்கு மாறியிருக்க, இம்மானுவேலாகிய கிறிஸ்துவை வரும்படி மன்றாடும் பழைய பாமாலையைப் பாடினோம். பிறப்பின் கீர்த்தனைகளை 24ஆம் தேதி இரவு வரை பொறுத்து வைத்து, இந்த நாட்களில் காத்திருந்தவர்களின் பாட்டுகளாலேயே தேவனைத் துதிக்க வேண்டும் என்னும் எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு எனக்குள் உறுதிப்படுகிறது. வீட்டு ஜெபத்திலும் இம்முறை அப்படியே செய்யப்போகிறோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மிலான் நகரப் பேராயர் அம்புரோஸ், ஜாதிகளின் (எல்லா நாட்டு மக்களின்) மீட்பரை வரவழைத்துப் பாடிய 4ஆம் நூற்றாண்டுப் பாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். அடிக்கு எட்டு அசை, பாவுக்கு நான்கு அடி. எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் மனத்தில் நிற்கும் அளவு. 386ஆம் ஆண்டில் அரசி யுஸ்தினாள் அவரைத் துன்புறுத்தியபோது, ஆயரோடு சாகவும் துணிந்து கோவிலுக்குள் இரவெல்லாம் விழித்திருந்த மக்கள் துயரத்தால் சோர்ந்துபோகாதபடி பாட்டும் சங்கீதமும் பாடும் வழக்கம் அங்கே தொடங்கியது என்று திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். அகுஸ்தீனின் தாய் மோனிக்காளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

டிசம்பர் 17, செவ்வாய்

சென்ற ஆண்டு இதே தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரம் இல்லாத எங்கள் வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து இயேசுவின் தாய் மரியாளின் துதிப் பாட்டைச் சொன்னோம். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பினார் என்ற அடி வந்தபோது, ஆற்றோரத்துத் தெருக்களில் இருந்தவர்களை நினைத்து அத்தையின் குரல் தழுதழுத்தது.

மேற்கத்திய திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை ஜெபத்தில் இதே மரியாளின் பாட்டுக்கு முன்னும் பின்னும் நாளுக்கு ஒரு விளிப்பாட்டைப் பாடி வருகிறது. ஞானமே, அதோனாயே (ஆண்டவரே), ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, அருணோதயமே, ஜாதிகளின் ராஜாவே, இம்மானுவேலே எனக் கிறிஸ்துவை ஏழு நாமங்களில் அழைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் வாரும் என்கிறது. முதல் ஞாயிறு நாங்கள் பாடிய பாமாலை இவற்றிலிருந்து பிறந்ததே: 1710இல் கொலோன் நகரில் அச்சான லத்தீன் செய்யுளை 1851இல் ஜான் மேசன் நீல் ஆங்கிலத்தில் தந்தார்.

எனக்கு இவற்றில் மிகவும் நெருக்கமானது ஐந்தாவது. அந்தகாரத்திலும் மரண இருளிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒளி தர வாரும் என்று அது கேட்கிறது. யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியாவின் பாட்டில் நாம் சொல்லும் அதே சொற்கள் இவை. அந்த வெள்ள இரவுக்குப் பின் அவற்றை என்னால் வேகமாகச் சொல்லிக் கடக்க முடிவதில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பாடகர் குழு பாமாலையை இன்னும் மெதுவாகப் பாடியிருக்கலாம். மூச்சு விடும் இடங்களும் அந்தப் பாட்டைச் சேர்ந்தவை.

டிசம்பர் 23, திங்கள்

இன்று ஏழாவது நாமம், இம்மானுவேல். நம் சித்திரகவிகளைப் போல இதிலும் ஓர் எழுத்தமைதி உண்டு: ஏழு நாமங்களின் லத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் ‘ஏரோ கிராஸ்’, அதாவது ‘நாளை இருப்பேன்’ என்று வருகிறது. தாளில் எழுதிக் கொடுத்தேன்; மகள் விரல் வைத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அப்போ பதில் சொல்லிட்டாராப்பா?” என்றாள். ஆமாம் என்றேன்.

திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை, நாளை இரவு ஆராதனைக்காக இப்போதே எடுத்து வைத்திருக்கிறோம்.